திறக்க மறுத்த மூன்று குழல் துப்பாக்கி

ஆயுதக் கிடங்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பயிற்சி முடியும் நாளில் வந்து கொஞ்சம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் துப்பாக்கி பழுது பார்த்தே ரிட்டயர் ஆன ஓர் ஆர்மரரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதியே அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

அரசு கொடுக்கும் ஆயுதங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, உதிரி பாகம் இருக்கிறது. ஒன்றைக் கழற்றத் தெரிந்தால் ஆயிரத்தையும் கழற்றலாம். எனக்கு வேர்க்க வைத்ததெல்லாம் தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் லைசென்ஸ் துப்பாக்கிகள்தான். நம்முடையது சமஸ்தானமாக இருந்த ஊர். ராஜா காலத்தில் வேட்டைக்குப் போனவர்கள், பர்மா மலேயா போய் வந்தவர்கள் என்று யார் யாரோ வாங்கிவந்த துப்பாக்கிகள் இன்னும் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அதிலும் ஜெர்மன்காரர்கள் செய்த கூட்டுக்குழல் துப்பாக்கிகள் தனி ரகம்.

கூட்டுக்குழல் என்றால், சிதறு குண்டுக்கு ஒரு குழல், ஒற்றைத் தோட்டாவுக்கு ஒரு குழல், இரண்டும் ஒரே கட்டையில். வீட்டை விட்டுப் புறப்படும்போதே முயலுக்குப் போகிறோமா காட்டுப்பன்றிக்குப் போகிறோமா என்று முடிவு செய்ய விரும்பாத மனிதர்கள் செய்தது. சிதறு குண்டு சாதுவானது. ஒற்றைத் தோட்டா அப்படியில்லை. வெடிக்கும்போது குழலின் பின்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் அந்த ஆட்கள் பூட்டின் மேல் பைத்தியமாக இருந்தார்கள். குழலுக்கு அடியில் இரண்டு கொக்கி. அது போதாதென்று மேலே ஒரு நாக்கு நீட்டி, அதில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகக் குறுக்கே ஓர் உருண்டைத் தாழ். கதவுக்குக் கீழே இரண்டு தாழ்ப்பாள் போட்டு மேலே ஒரு குறுக்குக் கட்டையும் போடுவதைப் போல. இவை அத்தனையும் ஒரே ஒரு லீவரைத் திருப்பினால் ஒன்றாகத் திறக்க வேண்டும். அந்த லீவரை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமையே கிடையாது. ஒருவர் மேலே வைப்பார், ஒருவர் பக்கத்தில், இன்னொருவர் விசைக்குக் கீழே. ஒவ்வொரு துப்பாக்கியும் புதிதாகப் பெண் பார்க்கப் போன வீடு மாதிரி. செருப்பை எங்கே கழற்றுவது என்பதிலிருந்தே தடுமாற்றம்தான்.

முதலில் என் முட்டாள்தனம் ஒன்று.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். கோட்டைப்பட்டினத்தில் வலைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரின் துப்பாக்கி சோதனைக்கு வந்தது. இடது குழல் சிதறு குண்டுக்கு, வலது குழல் ஒற்றைத் தோட்டாவுக்கு. திறந்தேன், துடைத்தேன், மூடினேன். மூடும்போது ‘டக்’ என்று நல்ல கார் கதவு மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே மயங்கி, ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அப்போதிருந்த எங்கள் தலைமை ஆர்மரர் அதிகம் பேசாதவர். பேரைச் சொன்னால் இப்போதும் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கி, சிகரெட் பெட்டியிலிருந்து மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்துக் குழலின் பின்வாய்க்கும் அதை அடைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் வைத்து மூடினார். பிறகு தாளைப் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக வெளியே வந்தது.

“தாள் வருதுன்னா புகையும் வரும். அது யாரு மூஞ்சிக்கு வரும்னு யோசிச்சியா?” என்றார். பிறகு, “மூடியிருக்கு. பூட்டல. ரெண்டும் வேற.”

குறுக்குத் தாழ் தன் ஓட்டைக்குள் போகத்தான் செய்தது. ஆனால் நாக்கின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. தாழ் அங்கே சும்மா விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது; எதையும் பிடிக்கவில்லை.

சர்ட்டிபிகேட்டை அடித்துவிட்டு வேறு எழுதித் தபாலில் அனுப்பலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. நீயே போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்று பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடையில் வலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், நான் எழுதியது தப்பு, அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“அது வெடிச்சு இருவது வருசமாச்சு தம்பி. காக்கா வெரட்டக்கூட யாரும் எடுக்கிறதில்ல. ஆனா தப்பு பண்ணிட்டேன்னு சொல்றதுக்காக இம்புட்டுத் தூரம் பஸ்ல வந்த ஆள இப்பத்தான் பாக்குறேன். சாப்பிட்டுப் போங்க” என்றார்.

சாப்பிட்டேன். அப்படி ஒரு மீன் குழம்பை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. உங்கள் கையெழுத்து தப்பாகிவிட்டால் நேரில் போய்ச் சொல்லுங்கள். மீன் குழம்பு கிடைக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. மற்றபடி வேறு வழியில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

ரிட்டயர் ஆவதற்கு முன்னால் வந்த கடைசித் தேர்தல். ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன். ஊர் பேரை விட்டுவிடுவோம். காலையில் அந்த ஸ்டேஷன் ரைட்டர் செல்லத்துரை போன் செய்தார். லைசென்ஸ் துப்பாக்கிகளை வாங்கி, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, சீட்டுக் கட்டி அறையில் வைப்பது அவர் பொறுப்பு. ஒரு துப்பாக்கி மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“ரெட்டைக் குழல்தான் சார். கீழ ஒரு சின்னக் குழாய் இருக்கு, கம்பி சொருகி வைக்கிறதுக்கு.”

நம் பக்கம் புழங்கும் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்கு அடியில் சொருகி வைப்பார்கள். அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நானும் போனில் கேட்டுவிட்டு ‘சரி’ என்றுதான் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி இருக்கும். துப்பாக்கி ரைட்டர் மேஜையில் கிடந்தது. அதன் வாய் பெண்கள் உதவி மையத்தைப் பார்த்தபடி இருந்தது. அங்கே ஒரு பெண் காவலர் நிம்மதியாகக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் கைப்பையும் அதன் மேல் ஒரு பைலுமாக உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி அவருடையது. பெயர் மங்கையர்க்கரசி, நடுநிலைப் பள்ளியில் டீச்சர். அப்பா இறந்தபின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றி வாங்கியிருந்தார். அவருக்கே மதியம் தேர்தல் பயிற்சி வகுப்பு. ரசீது வாங்கிக்கொண்டு போகலாம் என்று எட்டரை மணிக்கு வந்தவர்.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே இருந்தது கம்பி சொருகும் குழாய் இல்லை. அது மூன்றாவது குழல். மேலே இரண்டு சிதறு குண்டுக் குழல்கள், அடியில் ஒற்றைத் தோட்டாக் குழல். சூல் என்ற ஜெர்மன் ஊரில் செய்தது என்று அடியில் பொறித்திருந்தது. இரண்டு பக்கமும் குதிரைகள். தோட்டாவின் அடியிலுள்ள வெடிமருந்துக் கேப்பை ஊசி வழியாக அடிக்கும் சுத்திக்கு நம் ஊரில் குதிரை என்றுதானே பெயர். கட்டையின் கழுத்தில் ஒரு சின்னத் தள்ளுப் பொத்தான். அதை முன்னால் தள்ளினால் வலது குதிரை மேல் குழலை விட்டுவிட்டுக் கீழ்க் குழலின் ஊசியை அடிக்கும். ஒரே குதிரைக்கு இரண்டு வேலை.

முதல் வேலையாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஸ்டேஷன் வளாகத்தில் லாரியோடு பிடித்த ஆற்று மணல் ஒரு சின்னக் குன்று மாதிரிக் குவிந்திருந்தது. வழக்குச் சொத்து. அதைப் பார்த்தபடி இரண்டு மணல் மூட்டைகளின் மேல் துப்பாக்கியைக் கிடத்தினேன். இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அன்று பன்னிரண்டரைக்குத் தேர்தல் பார்வையாளர் அந்த ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தது. ஒப்படைக்காத துப்பாக்கி, திறக்காத துப்பாக்கி என்று ஒன்றும் பாக்கி இருக்கக்கூடாது என்பது அவர் கவலை.

பித்தளைக் கம்பியை எடுத்து மேல் குழல்களுக்குள் விட்டேன். இரண்டிலும் பின்சுவர் வரை போய் ‘டங்’ என்று இடித்தது. காலி. மூன்றாவதில் விட்டேன். நாலு விரல் ஆழத்திலேயே நின்றுவிட்டது. கம்பியின் நுனியில் செம்மண். குளவி கூடு கட்டியிருக்கிறது. டார்ச் அடித்தால் மண்தான் தெரிந்தது.

இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். குளவி கட்டிய குழலை யாரும் பல வருடமாக எடுக்கவில்லை என்று அர்த்தம். எடுக்காத குழலில் தோட்டா இருக்காது. மனசு இப்படி ஒரு கணக்கைப் போட்டது. குளவி கட்டியதற்கும் தோட்டா இல்லாததற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டரிடம், “காலிதாங்க. பூட்டு இறுகிப்போச்சு, அவ்வளவுதான்” என்றேன்.

காலி என்று சொல்லிவிட்டால் கை தைரியமாகிவிடும். பூட்டைப் பார்த்தேன். இடது பக்கம் மேலே, குறுக்குத் தாழின் தலை ஒரு பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. லீவரைத் திருப்பினால் அது வெளியே நீள வேண்டும். லீவர் அசையவில்லை. தாழைச் சுற்றிப் பழுப்பாக, அரக்கு மாதிரிப் பிசின். மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். நம் மக்களுக்கு எது துருப்பிடித்தாலும் தேங்காய் எண்ணெய்தான். அது காய்ந்தால் பசையாகிவிடும் என்று யாரும் சொல்வதில்லை. பிசினைக் கரைக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பித்தளை முளையையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தேன். வலது பக்கத்திலிருந்து லேசாக நாலு தட்டுத் தட்டினால் தாழ் கிளம்பிவிடும். முளையைத் தாழின் மேல் வைத்தும் விட்டேன்.

அப்போது வராண்டாவுக்கு வந்து உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வந்தார். இடையில் பேசுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“சார், அந்த வலது பக்கக் குதிரைய அப்பா எப்பவும் பாதி தூக்கித்தான் வச்சிருப்பாங்க. சொவத்துல இருந்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப கீழ படுத்துருக்கே?”

நான் செல்லத்துரையைப் பார்த்தேன். அவர் முகத்தில் பதில் இருந்தது. காலையில் துப்பாக்கியைத் திறக்க முயன்றபோது அந்தக் குதிரை பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அப்படி நிற்பது ஆபத்து என்று நினைத்து, விசையை அழுத்திக் கட்டைவிரலால் மெதுவாகக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்தது. தள்ளுப் பொத்தானைப் பார்த்தேன். அது முன்னால் தள்ளியிருந்தது. அதைத் தொட்டீர்களா என்று கேட்டேன். தொடவில்லை, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்.

அதாவது வலது குதிரை இப்போது மூன்றாவது குழலின் ஊசியின் மேல் படுத்திருக்கிறது. உள்ளே தோட்டா இருந்தால் ஊசியின் நுனி கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மேல் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் போதாதென்று, முன்னால் வாயைக் குளவி அடைத்திருக்கிறது. வெடித்தால் தோட்டா வெளியே போகாது. குழல் பிளந்து என் பக்கம்தான் வரும்.

முளையை எடுத்தேன். எடுப்பதுகூடத் தட்டாமல் எடுக்க வேண்டியிருந்தது. சுத்தியலைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.

“டீச்சர், அப்பா கடைசியா எப்பச் சுட்டாங்க?” என்று கேட்டேன்.

அப்பா இறந்து பதினோரு வருடம். கடலைக் கொல்லைக்குப் பன்றி வருகிறது என்று அந்த வாரம் மூன்று நாளும் சாயங்காலம் காவலுக்குப் போனதாகவும், நான்காம் நாள் காலையில் வயலுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததாகவும் சொன்னார். துப்பாக்கி அவர் மாட்டிய ஆணியிலேயே இருந்திருக்கிறது; முந்தைய தேர்தல்களில் ஸ்டேஷனில் யாரும் திறக்காமலே வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். பொங்கலுக்குப் பொங்கல் பிள்ளைகள் அதைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

நான் இன்ஸ்பெக்டரிடம் போய், காலி என்று சொன்னது என் தப்பு, தோட்டா இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இனி வேலை செய்யப்போகிறேன் என்றேன். அவர் நிதானமான மனிதர். கோபப்படவில்லை. இப்படியே ஜீப்பில் வைத்து ஹெட்குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இங்கிருந்து போய்விட்டால் அவருக்கும் தலைவலி இல்லை, எனக்கும் ஒர்க்ஷாப் கிடைக்கும். ஆனால் ஊசி கேப்பின் மேல் இருக்கிறது. நம் ரோட்டில் வேகத்தடை எத்தனை, பள்ளம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுத்தியல் அடி. அறையில் வைத்துச் சீல் போட்டாலும் அப்படித்தான். நாளைக்கு எடுப்பவர் கையில் விழும். நகர்த்துவதுதான் ஆபத்து, இங்கேயே முடிக்க வேண்டும் என்றேன்.

நெருக்கடியில் நாம் எல்லோரும் தேடுவது பாதுகாப்பான வழி. பல சமயம் அப்படி ஒன்று இருக்காது. எது குறைந்த ஆபத்து என்பதுதான் கேள்வி. இடத்தை மாற்றுவது முடிவெடுப்பதைப் போலவே தோன்றும். ஆபத்தை அடுத்தவரிடம் கொடுப்பதுதான் அது.

வளாகத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றினார் இன்ஸ்பெக்டர். பெண் காவலர் கம்ப்யூட்டரை விட்டு வர மனமில்லாமல் வந்தார். டீச்சர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை நிழலில் போய் நின்றார். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வலது குதிரையைப் பழையபடி பாதி தூக்கிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஊசி கேப்பை விட்டுப் பின்வாங்கும். கையால் தூக்கினால், பாதி நிற்கும் இடத்துக்கு வரும் முன் விரல் வழுக்கினால், போச்சு. அதனால் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுக்க வேண்டும். குதிரையின் தலை எண்ணெய் பட்டு வழவழவென்று இருந்தது. எந்த முடிச்சு வழுக்காது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நான் கட்டுறேன் சார்” என்றார் செல்லத்துரை.

அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும்தான் போலீஸ். பைக் பெட்டியிலிருந்து வலை நூல் உருண்டை ஒன்றை எடுத்து வந்தார். தள்ளி நின்று சொல்லிக்கொடுங்கள், நானே கட்டுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

“எறக்குனது நான். நான் கட்டிட்டு வாரேன். நீங்க அங்கிட்டு நில்லுங்க.”

அந்த இடத்தில் சீனியாரிட்டி பேசியிருக்கலாம். பேசவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் கை நடுங்கவில்லை, அதுதான் காரணம். குழலின் பக்கம் முகம் வராமல் கட்டையின் பின்னால் மண்டியிட்டு, குதிரையை அசைக்காமல், நூலை மூச்சு விடுகிற மாதிரி மெதுவாகச் சுற்றினார். ஈரமான மீனைக்கூட விடாத முடிச்சு என்று பிற்பாடு சொன்னார். கட்டி முடித்து எழுந்து நடந்து வந்தபோதுதான் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

துப்பாக்கியின் கட்டையை இரண்டு மணல் மூட்டைகளுக்கு நடுவில் இறுக்கினோம். பின்வாயின் இரண்டு பக்கமும் இன்னும் மூட்டைகளை அடுக்கினோம். நூல் நேர் பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டு, மதில் மூலையின் மறைவுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பார்வையாளரின் கார் வந்து வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் ஏதோ சொன்னார். பார்வையாளர் வடநாட்டுக்காரர். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் டீக்கடைக்குப் போய் டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நூலை இழுத்தேன். வெடுக்கென்று இழுக்கவும் கூடாது, தயங்கவும் கூடாது. நூல் நீண்டு கொடுத்தது, ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இழுத்தேன். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். தண்ணீர்க் குழாய் சொட்டுவதைப் போன்ற சின்னச் சத்தம். அப்படியே பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணினேன். பிறகு தளர்த்தினேன். குதிரை திரும்பிப் படுக்கவில்லை. பாதியில் நின்றது, அந்த அப்பா விட்டுப்போன இடத்தில்.

பிறகு நடந்தது எல்லாம் பொறுமை. தள்ளுப் பொத்தானைப் பின்னால் இழுத்துவிட்டேன். சுத்தியலைத் தொடவே இல்லை. கரைக்கும் எண்ணெயை விட்டு, சுடுதண்ணீரில் பிழிந்த துணியைப் பூட்டின் மேல் போட்டு, எடுத்து, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தேங்காய் எண்ணெய்ப் பிசினோடு சமாதானம் பேசினேன். இடையில் டீச்சரின் பயிற்சி வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்து தாமதத்துக்குக் காரணம் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் நம்பவில்லை. துப்பாக்கி என்று சொன்னதும் வேறு ஏதோ நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணி சுமாருக்கு லீவர் ஒரு நூல் அளவு நகர்ந்தது. கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் குறுக்குத் தாழின் தலை ஆமை தலையை நீட்டுவதைப் போல மெல்ல மெல்ல வெளியே வந்தது. அடிக்கொக்கிகள் விட்டன. குழல்கள் கீழ்நோக்கித் தாழ்ந்தன. மேல் இரண்டும் காலி. அடியில், பச்சை பிடித்த பித்தளையில், நீளமாக ஒரு தோட்டா. அதன் கேப்பின் நடுவில் கொசு கடித்த அளவுக்கு ஒரு பள்ளம்.

அதை ஈரத் துணியில் வைத்தேன். செல்லத்துரை குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். போய் மணல் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். டீச்சரை வரச் சொல்லிக் காட்டினேன்.

“எங்க அப்பா எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அத்தனை பழைய தோட்டா செத்துத்தான் போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். வெடிபொருள் பிரிவினர் எடுத்துப்போய் அவர்கள் முறைப்படி அழித்தார்கள். ஒரு வாரம் கழித்து அங்கிருந்தவரிடம் விசாரித்தேன். முதல் அடியிலேயே வெடித்ததாம்.

ரிப்போர்ட் எழுத வேண்டும். இன்ஸ்பெக்டர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், முதலில் காலி என்று சொன்னதையெல்லாம் எழுத வேண்டுமா என்று. அதை விட்டுவிட்டால் ரிப்போர்ட்டில் மிச்சம் இருப்பது செல்லத்துரை குதிரையை இறக்கியது மட்டும்தான். தெரியாமல் இறக்கிய ரைட்டர், வந்து காப்பாற்றிய ஆர்மரர் என்று படிக்க அழகாக இருக்கும். நான் முதல் பத்தியிலேயே என் தப்பை எழுதினேன்: மூன்றாவது குழலைப் பார்க்க முடியாதபோதும் காலி என்று சொன்னேன், சுத்தியலை எடுத்தேன், உரிமையாளர் சொன்னதால் நிறுத்தினேன். இரண்டாவது பத்தியில் செல்லத்துரை இறக்கியதையும், அவரே கட்டியதையும் எழுதினேன். ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதினேன். செல்லத்துரைக்கு எச்சரிக்கையோடு போயிற்று. என் சர்வீஸில் எழுதிய ரிப்போர்ட்டுகளில் நான் நகல் எடுத்து வீட்டில் வைத்திருப்பது அது ஒன்றுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் முதலில் அவரைப் பேச விடுங்கள். நான் போனதும் துப்பாக்கியைத்தான் பார்த்தேன். பெஞ்சில் இரண்டரை மணி நேரமாக ஒருவர் அதைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஊசியும் தெரியாது, தாழும் தெரியாது. எது மாறியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

தேர்தல் முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாள். இதற்குள் அந்தத் துப்பாக்கியை நான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்து குளவிக்கூட்டை எடுத்து, பிசினையெல்லாம் கழுவி, தாழுக்கு நல்ல எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். டீச்சர் அதை வாங்க ஒர்க்ஷாப்புக்கே வந்தார். அரசிடமே ஒப்படைத்துவிடுவதற்கான படிவத்தை எடுத்து மேஜையில் தயாராக வைத்திருந்தேன். அவரைக் கேட்காமலே நிரப்பவும் ஆரம்பித்திருந்தேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

“பதினோரு வருசம் இது என்னன்னே தெரியாம வச்சிருந்தேன் சார். இப்பத்தான் தெரியும். இப்பப் போயிக் குடுப்பேனா?”

படிவத்தை மடித்து ஓரமாக வைத்தேன். எப்படித் திறப்பது என்று ஒருமுறை காட்டினேன். பிறகு அவர் வாங்கினார். வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். குதிரைகள் பாதியில் நிற்கின்றனவா என்று பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். லீவரைத் திருப்பினார்; தாழ் வெளியே வந்தது, குழல்கள் இறங்கின. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழலாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரலில் வாய்விட்டு எண்ணினார்.

“ஒண்ணு காலி. ரெண்டு காலி.” மூன்றாவதில் கண்ணை வைத்தவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் வெளிச்சம் வருகிறது என்று எனக்குத் தெரியும்; நானே சுத்தம் செய்தது. இருந்தாலும் காத்திருந்தேன்.

“மூணும் காலி. எழுதிக்கங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன்.